யார் உதைத்தது?

2013 ஏப்ரல் 12. லாஸ் ஏஞ்சலஸில் கூடைப்பந்து ஆட்டம். பந்தோடு பாய்ந்த கோபி பிரையன்ட் சட்டென்று சரிந்தார். தன்னை உதைத்தாரா என்று எதிரணி வீரரிடம் கேட்டார். யாரும் உதைக்கவில்லை. இடது குதிகாலுக்கு மேலே இருக்கும் தசைநாண் அறுந்திருந்தது. அந்தக் காலோடு போய் இரண்டு ஃப்ரீ த்ரோக்களையும் வளையத்துக்குள் போட்டுவிட்டுத்தான் அவர் களத்தைவிட்டு வெளியேறினார்.

விளையாட்டு மருத்துவருக்கு அந்தக் கேள்வியிலேயே பாதி விடை கிடைத்துவிடும். குதிகால் தசைநாண் அறுந்தவர்கள் பலரும் இதையேதான் சொல்கிறார்கள். பின்னாலிருந்து யாரோ எட்டி உதைத்ததுபோல இருந்தது, திரும்பிப் பார்த்தால் ஆளே இல்லை என்பார்கள்.

நம் பேச்சில் எல்லாமே நரம்புதான். ரத்தக்குழாயும் நரம்பு, மூளைக்குச் சேதி கொண்டுபோவதும் நரம்பு, தசைநாணும் நரம்பு. தசையை எலும்போடு கட்டும் கயிறுதான் தசைநாண். குதிகாலுக்குச் சற்று மேலே இரண்டு விரலால் பிடித்துப் பாருங்கள். விறைப்பாகத் தட்டுப்படுகிறதே, உடம்பிலேயே தடிமனான தசைநாண் அதுதான். ஓடும்போது உடல் எடையைப்போல ஆறேழு மடங்கு விசை அதன்மேல் விழுகிறது. குதிகால் எலும்புக்கு 2 முதல் 6 செ.மீ. மேலே ரத்த ஓட்டம் குறைவு. பெரும்பாலும் அறுவது அந்த இடத்தில்தான்.

அறுந்திருக்கிறதா என்று பார்க்க எந்தக் கருவியும் வேண்டாம். குப்புறப் படுக்கவைத்து, பாதம் கட்டில் விளிம்புக்கு வெளியே தொங்கும்படி விடுவார்கள். மருத்துவர் கெண்டைக்கால் சதையை ஒரு பிடி பிடித்து அழுத்துவார். தசைநாண் முழுசாக இருந்தால், ஆக்சிலரேட்டரை மிதிப்பதுபோலப் பாதம் தானாக அசையும். அறுந்திருந்தால் அப்படியே கிடக்கும். 1957இல் சிம்மன்ட்ஸும் 1962இல் தாம்சனும் எழுதிவைத்த இந்தச் சோதனைக்கு அரை நிமிடம் போதும். ஆனாலும் ஐந்தில் ஒருவருக்கு முதல் பரிசோதனையில் தசைநாண் அறுந்தது தெரியாமல்போகிறது என்று மருத்துவ நூல்கள் எச்சரிக்கின்றன. காரணம், பாதத்தை அசைக்க வேறு சில தசைகளும் உதவுகின்றன. அடிபட்டவர் நொண்டியபடி நடப்பார், பாதத்தையும் அசைத்துக் காட்டுவார். பார்ப்பவர் சுளுக்கு என்று சொல்லி அனுப்பிவிடுவார்.

அறுந்ததையாவது இப்படிக் கண்டுபிடித்துவிடலாம். அறாமலே மாதக்கணக்கில் வலிக்கும் தசைநாண்தான் பெரும்பாடு. 2023 கிரிக்கெட் உலகக் கோப்பையில் 7 ஆட்டங்களில் 24 விக்கெட் எடுத்த இந்தியப் பந்துவீச்சாளர் முகமது ஷமிக்கு, மறு ஆண்டு பிப்ரவரியில் குதிகால் தசைநாணில் அறுவை சிகிச்சை நடந்தது. இப்படி நாள்பட்ட தொல்லைக்கு எல்லாரும் உடனே கேட்பது ஸ்கேன். அதில்தான் சிக்கல்.

எம்.ஆர்.ஐ. படத்தில் நல்ல தசைநாண் கறுப்பாகத் தெரியும், கெட்டுப்போன இடம் வெளுக்கும். ஆனால் இழைகள் காந்தப்புலத்துக்கு ஏறக்குறைய 55 டிகிரி சாய்வில் அமைந்துவிட்டால், ஆரோக்கியமான தசைநாணும் வெளுத்துத் தெரியும். அல்ட்ராசவுண்டிலோ கருவியைக் கொஞ்சம் சாய்த்துப் பிடித்தாலே நல்ல இடம் இருண்டுவிடும். இதையெல்லாம் அனுபவம் உள்ளவர்கள் சமாளித்துவிடுவார்கள். இதைவிடப் பெரிய சங்கதியை ஆஸ்திரேலிய ஆய்வாளர் ஜில் குக்கும் அவருடைய குழுவினரும் காட்டினார்கள். முழங்கால் சில்லுக்குக் கீழே உள்ள தசைநாண் படத்தில் பழுதாகத் தெரிந்தும், துளி வலியில்லாமல் குதித்து ஆடிக்கொண்டிருந்த கூடைப்பந்து வீரர்கள் இருந்தார்கள். வலி தீர்ந்த பிறகும் படம் மாறாமல் இருப்பதுண்டு. ஏன் என்பதற்கு ஒரு துப்பும் கிடைத்தது. 2013இல் கோபன்ஹேகன் ஆய்வாளர்கள், அணுகுண்டுச் சோதனைகளால் காற்றில் கலந்த கார்பன்-14ஐ வைத்துக் குதிகால் தசைநாணின் வயதைக் கணக்கிட்டார்கள். அதன் நடுப்பகுதி சுமார் 17 வயதுக்குள் உருவாகிவிடுகிறது, அதன்பின் ஏறக்குறையப் புதுப்பிக்கப்படுவதே இல்லை என்று தெரிந்தது. அந்த வயதில் அமைந்த கயிற்றோடுதான் நாம் கடைசிவரை நடக்கிறோம்.

ஆகவே, வெறும் ஸ்கேன் அறிக்கையைப் படித்துவிட்டு முழங்கால் வலியோடு வந்த ஓர் இளம் வீராங்கனையை ஒரு சீசன் முழுக்க உட்காரவைப்பதை என்னால் ஏற்கவே முடியாது. முதலில் அவரைப் பேசவிட வேண்டும். எங்கே வலிக்கிறது என்று கேட்டால் ஒற்றை விரலால் ஒரே இடத்தைத் தொட்டுக் காட்டுகிறாரா? தசைநாணாக இருக்க வாய்ப்பு அதிகம். உள்ளங்கையால் முழங்கால் முழுவதையும் தடவினால் வேறு காரணம் தேட வேண்டும். ஆட ஆட வலி குறைந்து, மறுநாள் காலையில் கூடுகிறதா? சமீபத்தில் என்ன மருந்து சாப்பிட்டார்? மருந்துக்கடையில் சாதாரணமாக வாங்கும் சிப்ரோஃப்ளாக்சசின் வகை ஆன்டிபயாடிக்கே தசைநாணைப் பலவீனப்படுத்தக்கூடும். 2008இல் அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு அந்த மருந்துகளுக்குக் கறுப்புக் கட்டமிட்ட எச்சரிக்கையையே போடச் சொன்னது.

முன்னணி வீரர்களிடம் இன்னொரு தடையும் உண்டு. அணித் தேர்வு நெருங்கினால் 'ஒன்றுமில்லை, சரியாகிவிட்டது' என்பார்கள். அவர்கள் பிழைப்பு அதில் இருக்கிறது, குறை சொல்ல முடியாது. அதனால் அனுபவமுள்ள பிசியோ வாய்வார்த்தையோடு நிற்பதில்லை. தினமும் காலையில் ஒரே சோதனை. குதிகால் தசைநாண் வலி என்றால், ஒற்றைக் காலில் நின்று குதிகாலைத் தூக்கித் தூக்கி இறக்கச் சொல்வார். எத்தனையாவது தடவையில் முகம் சுளிக்கிறது, பத்துக்கு எத்தனை வலி என்று நோட்டில் குறித்துக்கொள்வார். நேற்று மூன்று, இன்று ஐந்து என்றால், நேற்றைய பயிற்சி கூடிப்போனது. மாலையில் ஓட்டத்தைக் குறைத்துவிட்டு, நாளைக் காலையில் மறுபடி அதே காலில் நிற்கச் சொல்வார்.