விரிசலுக்கு எத்தனை லிட்டர்?

கரும்பு அரவை தொடங்கிவிட்டால் திருக்கோவிலூரைச் சுற்றியுள்ள சாலைகளில் டிராக்டர் வரிசைக்கு முடிவே இருக்காது. ஒரு பக்கம் மூங்கில்துறைப்பட்டு, இன்னொரு பக்கம் பெரியசெவலை என இரண்டு கூட்டுறவுச் சர்க்கரை ஆலைகள். போதாததற்கு, கடலூரிலிருந்து சித்தூர் போகும் மாநில நெடுஞ்சாலையும் இந்த ஊர் வழியாகத்தான். அமெரிக்காவின் இல்லினாய் மாநிலத்தில் 1958 முதல் 1960 வரை லாரிகளை ஓயாமல் ஓட்டிப் பார்த்து ஒரு விதியைக் கண்டார்கள்: அச்சுச் சுமை இரண்டு மடங்கானால் சாலைக்கு வரும் சேதம் சுமார் பதினாறு மடங்காகிறது. அளவுக்கு மேல் கரும்பு ஏற்றிய ஒரு டிப்பர் என்ன செய்யும் என்பதை இதிலிருந்தே கணக்குப் போட்டுக்கொள்ளலாம்.

ஆனால் சுமை விரிசலைத்தான் உண்டாக்கும். அதைப் பள்ளமாக்குவது தண்ணீர்.

2024 நவம்பர் 30 அன்று புதுச்சேரி அருகே ஃபெஞ்சல் புயல் கரை கடந்தது. அதையடுத்துச் சாத்தனூர் அணையிலிருந்து வினாடிக்கு 1.68 லட்சம் கன அடி திறந்துவிடப்பட்டு, தென்பெண்ணைக் கரை ஊர்கள் தத்தளித்தன. அப்படி ஒரு வெள்ளம் சாலையை அரித்துக்கொண்டு போனால் அமைச்சர் வருவார், கேமரா வரும். ஐப்பசி அடைமழை செய்யும் வேலைக்கு அந்தக் கவனிப்பு கிடையாது. நாலு மில்லிமீட்டர் விரிசல் வழியாக இறங்கிய நீர், தாருக்குக் கீழே ஜல்லிப் படுகையில் தங்கிக்கொள்கிறது. மேலே சக்கரம் ஏறும்போதெல்லாம் பிதுங்கி வெளியே வருகிறது; வரும்போது ஜல்லிக்கு இடையில் இருக்கும் நைசான மண்ணையும் கொண்டுவருகிறது. மழை விட்ட மறுநாள் விரிசலின் இரு விளிம்பிலும் வெளுத்த மண்கோடு படிந்திருந்தால், அடியில் அரிப்பு ஆரம்பித்துவிட்டது என்று பொருள். அடுத்த மழைக்கு அங்கே குழி.

ஆகவே மழை ஓய்ந்து ரோடு நன்றாகக் காய்ந்த தை, மாசியில் விரிசலை அடைத்துவிட வேண்டும். இதற்கென்றே ரப்பரும் பாலிமரும் கலந்த தார் சீலன்ட் விற்கிறது. சுமார் 180 முதல் 200 டிகிரி வரை சூடாக்கி ஊற்றுவார்கள். ஒரு கிலோமீட்டர் ரோட்டுக்கு எவ்வளவு வாங்க வேண்டும் என்பதுதான் கேள்வி.

நீளம், அகலம், ஆழம் மூன்றையும் பெருக்கினால் கொள்ளளவு. இது பள்ளிக்கூடக் கணக்கு. இதில் ஒரு வசதி உண்டு. நீளத்தை மீட்டரிலும் அகலத்தையும் ஆழத்தையும் மில்லிமீட்டரிலும் வைத்துப் பெருக்கினால், விடை நேராக மில்லிலிட்டரில் கிடைக்கும். புள்ளி வைக்கும் தொல்லையே இல்லை. ரோட்டை அகலப்படுத்திய இடத்தில், பழைய தாரும் புதிய தாரும் சேரும் இணைப்பில் நீளவாக்கில் 400 மீட்டர் விரிசல் விட்டிருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். அகலம் 6, ஆழம் 20 மில்லிமீட்டர். 400 × 6 × 20 என்றால் 48,000. அதாவது 48 லிட்டர்.

காகிதத்தில் இது சுலபம். அந்த 6 எங்கிருந்து வந்தது, 20 எங்கிருந்து வந்தது என்று கேட்டால்தான் சிக்கல்.

அகலத்தை எடுத்துக்கொள்ளுங்கள். டேப்போடு குனிந்து அளப்பவரின் கண் அகலமான இடத்துக்குத்தான் முதலில் போகும். நூறு மீட்டர் விரிசலில் 10 மீட்டர் மட்டும் 12 மில்லிமீட்டர் வாய் பிளந்திருக்கிறது, மீதி 90 மீட்டர் வெறும் 4 மில்லிமீட்டர்தான். ஆழம் அதே 20. பன்னிரண்டையும் நாலையும் கூட்டி இரண்டால் வகுத்து, சராசரி 8 என்று எழுதினால் தேவை 16 லிட்டர் ஆகிவிடும். எந்த அகலம் எத்தனை மீட்டருக்கு ஓடுகிறது என்று நீளத்தைக் கணக்கில் எடுத்தால் சராசரி 4.8தான், 9.6 லிட்டர் போதும். திருட்டு நோக்கமே இல்லாமல் எஸ்டிமேட் மூன்றில் இரண்டு பங்கு கூடிப்போகும் இடம் இது. நோக்கம் இருந்தால் சொல்லவே வேண்டாம்.

அளக்கும் நேரமும் அகலத்தை மாற்றும். தை மாதக் காலையில் தார் சுருங்கி விரிசல் திறந்திருக்கும். சித்திரை நண்பகலில் தார் விரிந்து அதே விரிசல் ஒடுங்கிப்போயிருக்கும். மிதமான வெப்பத்தில் அளந்து, அதே மாதிரி நாளில் ஊற்றுவது நல்லது. அமெரிக்காவிலும் கனடாவிலும் 1991 தொடங்கிப் பல ஆண்டுகள் இந்த அடைப்புகளைக் கண்காணித்து எழுதிய கையேடுகள் உலகம் முழுக்கப் புழங்குகின்றன. நல்ல கையேடுகள்தான். ஆனால் அவை பனி உறையும் ஊர்களையும் மனத்தில் வைத்தவை. நம் பக்கம் குளிர்காலம் என்பதே பெயருக்குத்தான். விரிசல் திறந்து மூடும் அளவும் அங்கே போல் இருக்காது. அந்த எண்களை அப்படியே இங்கே எடுத்துப் போடக் கூடாது.

ஆழம் இன்னும் மோசம். கட்டுக்கம்பியை விரிசலுக்குள் விட்டுப் பார்ப்பார்கள். கம்பி எங்கே நிற்கிறதோ அங்கே விரிசல் முடிந்ததாக நினைத்துக்கொள்வோம்; பெரும்பாலும் கம்பி நிற்பது உள்ளே அடைந்திருக்கும் மண்ணின் மேல். காற்றழுத்தக் குழாயால் ஊதிச் சுத்தம் செய்தபின் அளந்தால் எண் வேறாக இருக்கும். தவிர, மேலிருந்து வெடிக்கும் விரிசல் கீழே போகப்போகக் குறுகும். ஆப்பு வடிவம் என்றால் கொள்ளளவு பாதியாகிவிடும். 48 லிட்டர் என்று போட்டது 24 ஆகும். அடிவரை போன விரிசல் என்றால் ஊற்ற ஊற்றக் குடித்துக்கொண்டே இருக்கும்.

இந்தத் தெரியாத எண்கள் இரண்டையும் ஒரே அடியில் தீர்க்கும் வழி ஒன்று இருக்கிறது. ரவுட்டர் என்ற வெட்டும் இயந்திரத்தை விரிசல்மேல் ஓட்டி, 12 மில்லிமீட்டர் அகலம், 12 மில்லிமீட்டர் ஆழத்தில் சீரான காடி எடுத்துவிடுவது. இப்போது அகலமும் ஆழமும் இயற்கை தந்தவையாக இல்லாமல் நாம் வைத்தவை ஆகிவிட்டன. 400 × 12 × 12 போட்டால் 57.6 லிட்டர். காடிக்கு அடியில் இருக்கும் விரிசல் கொஞ்சம் குடிக்கும், அவ்வளவுதான் வித்தியாசம். வெட்டுவதால் சீலன்டுக்கும் ஆயுள் கூடுகிறது. விரிசல் மேலும் 3 மில்லிமீட்டர் திறக்கிறது என்றால், 6 மில்லிமீட்டர் அடைப்பு தன் அகலத்தில் பாதி அளவுக்கு இழுபட வேண்டும். 12 மில்லிமீட்டர் அடைப்புக்குக் கால் பங்கு இழுவைதான். குறுகி ஆழமாக நிற்கும் சீலன்ட் சீக்கிரம் கிழியும் என்பது இதனால்தான்.

ரவுட்டர் இல்லாத இடங்களில் விரிசலை நிரப்பி, மேலேயும் பட்டையாக இழுத்துவிடுவார்கள். பார்க்கச் சன்னமாகத் தெரியும் அந்தப் பட்டையைக் கணக்குப் போட்டுப் பார்த்தால் தூக்கிவாரிப் போடும். 75 மில்லிமீட்டர் அகலம், 2 மில்லிமீட்டர் கனம், 400 மீட்டர் நீளத்துக்கு 60 லிட்டர்! விரிசலுக்குள் போன 48 லிட்டரைவிட அதிகம். எஸ்டிமேட்டில் விரிசலை மட்டும் அளந்துவிட்டுப் பட்டையை மறந்தால், பாதி தூரத்துக்கு முன்பே சரக்கு தீர்ந்துவிடும்.

சீலன்ட் கிலோ கணக்கில் வருகிறது. ஒரு லிட்டர் 1.1 முதல் 1.2 கிலோ எடை இருக்கும், 1.15 என்று வைத்து, சிந்துவது, கொப்பரையில் ஒட்டுவது எல்லாம் சேர்த்து நூற்றுக்கு 15 கூட்டினால், காடி வெட்டிய முறைக்குச் சுமார் 76 கிலோ, பட்டை முறைக்குச் சுமார் 143 கிலோ. சீலன்டுக்குப் பதில் தார் எமல்ஷன் ஊற்றுவதென்றால் இன்னொரு திருத்தம் வேண்டும். எமல்ஷனில் தார் சுமார் 60 விழுக்காடுதான், மீதி தண்ணீர். ஊற்றும்போது விளிம்புவரை நிற்கும். தண்ணீர் ஆவியானதும் உள்வாங்கிவிடும். 48 லிட்டர் இடத்தை முழுதாக நிரப்ப 80 லிட்டர் எமல்ஷன் வேண்டும், அதுவும் இரண்டு தடவையாக.

எல்லா விரிசலும் அடைக்கத் தக்கவை அல்ல. மயிரிழை விரிசல் பரவலாக இருந்தால் ஒவ்வொன்றாக அளப்பது வீண். மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சகத்தின் விவரக்குறிப்பு, 3 மில்லிமீட்டருக்குக் குறைவான விரிசல்களுக்கு எமல்ஷனைப் பனிபோல் தெளிக்கச் சொல்கிறது. சதுர மீட்டருக்கு அரை லிட்டர் முதல் ஒரு லிட்டர். 7 மீட்டர் அகல ரோட்டில் 100 மீட்டருக்கு 350 முதல் 700 லிட்டர். முதலைத்தோல் போல் கட்டம் கட்டமாக வெடித்த இடம் வேறு கதை. பத்து சென்டிமீட்டர் கட்டங்கள் என்றால் ஒரே சதுர மீட்டரில் 20 மீட்டர் விரிசல். 4 மில்லிமீட்டர் அகலம், 20 ஆழம் என்றால் 1.6 லிட்டர் போகும். அவ்வளவு ஊற்றினாலும் அடியில் போன பலம் திரும்பாது. அங்கே சீலன்ட் தண்டம். தோண்டி எடுத்துப் புதிதாகப் போட வேண்டும். கரிசல் மண் பகுதிகளில் ரோட்டோரம் கோடையில் வெடிப்பதும் அப்படித்தான். மண் சுருங்கி விரிந்துகொண்டே இருக்கும்வரை மேலே ஊற்றுவது நிற்காது.

ஒரு காலத்தில் இதையெல்லாம் பார்க்க ஆள் இருந்தது. 1997இல் தமிழக அரசு ஏறத்தாழ பத்தாயிரம் சாலைப் பணியாளர்களை எடுத்தது. 2002இல் அவர்களை வீட்டுக்கு அனுப்பி, 2006இல் திரும்ப அழைத்தது. தினமும் தன் பொறுப்பில் உள்ள ரோட்டை நடந்து பார்ப்பவருக்கு எந்த வெடிப்பு போன வருஷத்தது, எது புதிது என்று தெரியும். அந்த நடை இல்லாத இடத்தில் ‘எல்.எஸ்.’ என்று ஒரு மொத்தத் தொகையைப் போட்டு எஸ்டிமேட்டை முடித்துவிடுவது எளிது. அது மதிப்பீடே அல்ல.

உங்கள் ஊர் ரோட்டில் விரிசல் அடைக்கும் வேலை நடந்தால், எஸ்டிமேட்டையும், எம்-புக் எனப்படும் அளவுப் பதிவேட்டையும் கேட்டுப் பாருங்கள். நீளம், சராசரி அகலம், ஆழம், பட்டை, விரயம் ஐந்தும் தனித்தனியாக இருக்க வேண்டும். 2005ஆம் ஆண்டின் தகவல் அறியும் உரிமைச் சட்டம், ஆவணங்களைப் பார்ப்பதோடு நிற்கவில்லை. நடக்கும் பணியை நேரில் பார்வையிடவும், பயன்படுத்திய பொருளின் சான்றளித்த மாதிரியைப் பெறவும் அதன் 2ஆவது பிரிவு குடிமக்களுக்கு உரிமை தருகிறது. மனுவுக்குக் கட்டணம் பத்து ரூபாய்.