சினிமாப் பாட்டோடு நெல்லை வில்லுக்கும் விருது!

நெல்லை:
2021-ம் ஆண்டு பத்ம விருதுப் பட்டியலில் இசைக்காரர்கள் பல பேர். மறைந்த எஸ்.பி.பாலசுப்பிரமணியத்துக்கு பத்மவிபூஷண். சித்ராவுக்கு பத்மபூஷண். கர்நாடக இசைப் பாடகி பாம்பே ஜெயஸ்ரீக்கு பத்மஸ்ரீ. அதே பத்மஸ்ரீ, நம்ம வில்லிசைக் கலைஞர் சுப்பு ஆறுமுகத்துக்கும்!

நெல்லையை அடுத்த சத்திரம் புதுக்குளத்துக்காரர். 1928-ல் பிறந்தவர். இவரைச் சென்னைக்கு அழைத்துப் போனவர் கலைவாணர் என்.எஸ்.கிருஷ்ணன். தாமிரபரணிக் கரையில் கோயில் கொடை என்றால் விடிய விடிய வில்லுப்பாட்டு, சுடலைமாடன் கதை. அந்த வில்லிலே காந்தி கதையும் சொன்னார். கூட்டம் அசையாமல் கேட்டது.

பத்மஸ்ரீ அறிவித்தபோது வயது 90-ஐத் தாண்டிவிட்டது. ரொம்ப லேட்டுதான்! மறு வருஷமே, 2022 அக்டோபர் 10-ல் காலமானார். மகள் பாரதி திருமகனும் வில்லிசைக் கலைஞர்தான்.