கரிசல் சீமையில் வயதுவந்தோர் கல்வி

மணியாச்சி என்றதும் 1911ஆம் ஆண்டு ஜூன் 17ஆம் நாள் அவ்வூர் இரயில் நிலையத்தில் வாஞ்சிநாதன் கலெக்டர் ஆஷைச் சுட்ட செய்தியே பலர் நினைவுக்கு வரும். நாம் இங்குக் கூற விழைவது அச்சந்திப்பைச் சூழ்ந்துள்ள கரிசற் காட்டு ஊர்களைப் பற்றியது. குறிப்பாக, அவ்வூர்களில் இன்றும் கைநாட்டு வைக்கும் தாய்மார்களைப் பற்றியது.

2011ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கின்படி தூத்துக்குடி மாவட்டத்தில் எழுத்தறிந்தோர் நூற்றுக்கு 86 பேர். மாநிலச் சராசரியோ 80. இதனைக் கண்டு மகிழலாம். ஆயின் ஆண், பெண் எனப் பிரித்து நோக்கின் பெண்களில் நூற்றுக்கு 81 பேரே எழுத்தறிந்தவர். இஃது ஏன்? மானாவாரி நிலத்தில் மழை பொய்த்த ஆண்டுகளில் குடும்பத்தைத் தாங்கியது தீப்பெட்டித் தொழில். விடியுமுன் ஆலை வண்டிகள் ஊர்தோறும் வந்து சிறுமியரை ஏற்றிச் சென்ற காலம் ஒன்று இருந்தது. 1986ஆம் ஆண்டுக் குழந்தைத் தொழிலாளர் சட்டத்திற்கு முன்னர்க் குச்சி அடுக்கிய அச்சிறுமியரே இன்று நடுவயதைக் கடந்து நிற்கின்றனர். 1956இல் மதிய உணவுத் திட்டத்தைக் காமராசர் தொடங்கிவைத்த எட்டயபுரம் அருகிலேயே இருந்தும், வறுமை அவர்களைப் பள்ளிக்கு அனுப்பவில்லை.

அரசு வாளாவிருந்ததா எனில், இல்லை. 1952 அக்டோபர் 2இல் தொடங்கிய சமுதாய நலத் திட்டத்திலேயே சமூகக் கல்வி ஓர் அங்கமாக இருந்தது. 1978இல், அதே காந்தி பிறந்த நாளில், தேசிய வயதுவந்தோர் கல்வித் திட்டம் வந்தது. 1990களின் தொடக்கத்தில் அறிவொளி இயக்கம் பரவியது. புதுக்கோட்டை மாவட்டத்தில் பெண்கள் எழுத்தோடு மிதிவண்டியும் கற்றனர். எழுத்தைக் காட்டிலும் மிதிவண்டிதான் அவர்களை வகுப்பிற்கு இழுத்தது என்று கூறுவோரும் உளர். அதில் பிழையொன்றும் இல்லை என்பது நம் கருத்து.

இப்பொழுது பள்ளிக் கல்வித் துறையைச் சேர்ந்த பள்ளிசாரா மற்றும் வயதுவந்தோர் கல்வி இயக்ககம், 2022 முதல் 2027 வரையிலான புதிய பாரத எழுத்தறிவுத் திட்டத்தை நடத்தி வருகிறது. பதினைந்து வயது நிரம்பிய, எழுதப் படிக்கத் தெரியாத எவரும் சேரலாம், கட்டணம் இல்லை. ஊதியம் பெறாத தன்னார்வலர்களே கற்பிப்பர். பாடம் 200 மணி நேரம். முடிவில் வாசித்தல், எழுதுதல், எண்ணறிவு என மூன்று பகுதிகளுக்கும் தலைக்கு 50 மதிப்பெண்ணாக 150 மதிப்பெண்ணுக்குத் தேர்வு, தேறியவர்க்குச் சான்றிதழ்.

நாளுக்கு இரண்டு மணி எனக் கொண்டால் 200 மணி நேரம் என்பது நூறு மாலைகளாகும். கரிசற் குடியானவர்க்கு நூறு மாலைகள் எப்பொழுது கிட்டும்? புரட்டாசி, ஐப்பசியில் விதைப்பு, கார்த்திகையில் களையெடுப்பு, தையில் உளுந்தும் பாசியும் கம்பும் வீடு வரும், பருத்தியும் மிளகாயும் எடுத்து முடியப் பங்குனியும் கடந்துவிடும். அப்பால் மறுவிதைப்பு வரையுள்ள கோடை மாதங்களே ஓய்வுக் காலம். ஊர்க் கொடை நாட்களைக் கழித்துவிட்டு, வைகாசியில் தொடங்கினால் ஆவணி முடியுமுன் பாடம் நிறைவெய்தும். ஐப்பசியில் வகுப்பைத் தொடங்கிவிட்டு, வருகை குறைகிறதே எனக் கவல்வதில் பொருளில்லை.

கையெழுத்திடப் பழகுவதையே கல்வி எனக் கொள்ளுதலும் தவறு. நூறு நாள் வேலை அட்டையில் பதிந்த நாட்களை எண்ணிச் சரிபார்த்தல், வங்கிப் புத்தகத்தில் வரவைப் படித்தல், உரமூட்டையின் விலையை வாசித்தல் ஆகியன கைவரல் வேண்டும். கூலி குறையின் கேட்பதற்கு அப்பொழுதுதான் துணிவு பிறக்கும். மேலும், முதுமையில் கற்ற எழுத்து பயிலாவிடில் விரைவில் மறந்துபோம். விடுதலை பெற்ற இந்தியாவில் முதன்முதலாகப் பொது நூலகச் சட்டம் இயற்றியது 1948இல் சென்னை மாகாணம்தான். அவ்வழி வந்த நூலகங்களில் பெரிய எழுத்து நூல்களைத் தனியே எடுத்து வைத்தல் பயன் தரும்.

சேர விழைவோர் தம் ஊர்ப் பள்ளித் தலைமையாசிரியரை அணுகிப் பெயரைப் பதிவு செய்துகொள்ளலாம். கற்பிக்க முன்வரும் இளைஞரும் அங்கேயே தெரிவிக்கலாம்.