பினாங்குக் கடைத்தெருக்களில் ஒரு நடை

ஒரு கடற்கரைப் பட்டினத்தின் இயல்பை அறிய விரும்புவோர் அதன் கடைவீதிகளில் நடந்து பார்த்தல் வேண்டும். சிலப்பதிகாரத்தின் இந்திரவிழவூரெடுத்த காதை, புகாரின் மருவூர்ப்பாக்கத்தைத் தெருத்தெருவாகக் காட்டுகிறது. சாந்து விற்போரும் நெசவாளரும் பொற்கொல்லரும் கடல் கடந்து வந்தோரும் அங்கே அடுத்தடுத்து வாழ்கின்றனர். அத்தகைய காட்சியை நாம் காணத்தக்க ஊர்களுள் ஒன்று, மலேசியாவின் பினாங்குத் தீவிலுள்ள ஜார்ஜ் டவுன் ஆகும்.

1786ஆம் ஆண்டு பிரான்சிஸ் லைட் இத்தீவைக் கிழக்கிந்தியக் கும்பினியின் துறைமுகமாக்கினார். சோழமண்டலக் கரையிலிருந்து மரக்கலமேறிச் சென்ற தமிழ் முஸ்லிம் வணிகர் தொடக்கக் காலத்திலேயே அங்குக் குடியேறினர். 'சூலியர்' என்னும் அவர்தம் பெயரால் ஒரு தெரு இன்றும் சூலியாத் தெரு என வழங்குகிறது.

அத்தெருவில் நம் நடையைத் தொடங்குவோம். நாகூர் ஆண்டகையின் நினைவாக எழுந்த சிறு தர்கா அங்கே ஒரு மூலையில் உள்ளது. சற்று மேற்கே சென்றால், 1801இல் காதர் முகைதீன் என்னும் தமிழ் முஸ்லிம் தலைவர் நிறுவிய கப்பித்தான் கிளிங் பள்ளிவாசலின் குவிமாடம் தெரியும். அதன் அண்மையிலேயே 1833இல் எழுந்த மகா மாரியம்மன் கோயிலும் சீனரின் குவான் யின் கோயிலும் உள்ளன. இவற்றிற்கிடையே துணிக்கடை, பூக்கடை, நகைக்கடை, மளிகைக்கடை, நாணயமாற்றுக் கடை என வாணிகம் பரந்துள்ளது. மேலும் நடந்து பினாங்கு ரோட்டை அடைந்தால், ஊறவைத்த ஜாதிக்காய்க்குப் பெயர்பெற்ற சௌராஸ்தா அங்காடி நம்மை வரவேற்கும்.

இத்தெருக்களில் நடப்பதற்குத் துணைநிற்பது ஐந்தடி நடைபாதையாகும். மலாய் மொழியில் இதனைக் 'காக்கி லீமா' என்பர். 1822இல் சிங்கப்பூருக்கென ராபிள்ஸ் வகுத்த நகரமைப்பு விதிகளில் இம்முறை இடம்பெற்றது; பின்னர் மலாயா நகரங்களிலும் பரவியது. கடைக்காரர் தம் மனையின் முன்பகுதியை வழிப்போக்கர்க்கு விட்டு, மேல்மாடியை அதன்மீது நீட்டிக் கட்டினர். வெயிலிலும் மழையிலும் யாவரும் அதன் நிழலில் நடக்கலாயினர். உடைமையில் ஒரு பங்கை ஊராருக்கு விட்டுக்கொடுக்கும் பண்பு கட்டடக் கலையிலேயே அமைந்துவிட்டமை நாம் எண்ணத்தக்கது.

நடைக்கும் வாணிகத்திற்கும் உள்ள உறவை இவ்வூர் உணவும் உணர்த்துகிறது. தமிழ் முஸ்லிம்கள் காவுதடியின் இருபுறமும் சோற்றையும் குழம்பையும் தொங்கவிட்டுத் துறைமுகத் தொழிலாளரிடையே நடந்து விற்றனர். காவுதடியைக் குறிக்கும் மலாய்ச் சொல்லாலேயே அவ்வுணவு 'நாசி கண்டார்' எனப் பெயர்பெற்றது.

எனினும் இவ்வீதிகளுக்கும் இடர் நேர்ந்தது. பழைய கட்டடங்களின் வாடகையை வரையறுத்த சட்டம் 1997இல் நீக்கப்பட்டு, 2000ஆம் ஆண்டின் தொடக்கத்தில் அப்பாதுகாப்பு முற்றும் நின்றது. வாடகை உயரவே, தலைமுறைகளாக வாழ்ந்த பலர் வெளியேறினர். 2008இல் மலாக்காவுடன் இந்நகரும் யுனெஸ்கோவின் உலக மரபுச் சின்னமாயிற்று. சுவர்கள் காக்கப்பட்டன, ஆயினும் பல பழங்கடைகள் தங்கும் விடுதிகளாகவும் உணவகங்களாகவும் மாறின. சுவரைக் காக்கச் சட்டம் உண்டு. அதனுள் வாழ்ந்த தொழிலைக் காப்பது எளிதன்று.

இவ்வுண்மை நமக்கும் பொருந்தும். நாகூரிலும் கீழக்கரையிலும் காயல்பட்டினத்திலும் பழங்கடைகள் உள்ளன. மாணவர்கள் அவ்வீதிகளில் ஒருநாள் நடந்து, முதிய வணிகரை வினவி, கடைகளின் பெயரையும் தொழிலையும் வழங்குசொற்களையும் எழுதி வைத்தல் வேண்டும். சொல்வோர் உள்ள காலத்திலேயே அதனைச் செய்வோமாக.