குதிரைத்திறனைக் கூட்ட இரு வழிகள்

சென்ற மாதம் நம் சங்கக் கூட்டம் கலைந்த வேளையில், நாக்பூரில் நம்மிடையே வாழும் அன்பர் ஒருவரின் புதல்வர் எம்மை நிறுத்தி ஒரு வினா எழுப்பினார். "எங்களுடையது நான்கு சிலிண்டர் பெட்ரோல் கார். அதன் வேகத்தைக் கூட்ட டர்போ பொருத்துவது நலமா, நைட்ரஸ் பொருத்துவது நலமா?" என்பதே அவ்வினா.

ரயில்வே குமாஸ்தாவாகிய எமக்குச் சரக்கு ரசீது தெரியும். எஞ்சினின் உட்புறம் தெரியாது. ஆயினும் அக்கார், அவருடைய தந்தையார் சேமநிதியில் கடன் பெற்று வாங்கியது. ஆண்டுக்கொருமுறை 1,000 கி.மீ.க்கு மேல் ஓடிக் குடும்பத்தை ஊர் சேர்ப்பதும் அதுவே. ஆதலால் வினாவைத் தட்டிக்கழிக்க மனம் வரவில்லை. லோகோ ஷெட்டில் பிட்டராய் உழைத்து ஓய்வு பெற்ற பெரியவர் ஒருவரிடம் அவரை அழைத்துச் சென்றோம். அங்கு அறிந்ததை நம் குடும்பங்களின் பொருட்டு இங்கே தருகிறோம்.

இரு முறைகளின் நோக்கமும் ஒன்றே. பிராணவாயுவை மிகுதியாகச் செலுத்தினால் எரிபொருளையும் மிகுதியாக எரிக்கலாம். அதனால் சக்தி பெருகும்.

டர்போசார்ஜருக்கு ஸ்விட்சர்லாந்து நாட்டு ஆல்பிரட் பூக்கி 1905-இல் காப்புரிமை பெற்றார். வீணே வெளியேறும் புகைவாயு ஒரு சக்கரத்தைச் சுழற்றுகிறது. அதே தண்டிலுள்ள மற்றொரு சக்கரம் காற்றை அழுத்தி எஞ்சினுக்குள் செலுத்துகிறது. நிமிடத்துக்கு 1,00,000 சுற்றுக்கு மேலும் அது சுழலும். அழுத்திய காற்று சூடேறும். அதைக் குளிர்விக்கத் தனிக் கருவி வேண்டும். இன்றேல் பெட்ரோல் உரிய நேரத்துக்கு முன்னரே வெடித்துப் பிஸ்டனைத் தாக்கும். எண்ணெய்க் குழாய், எரிபொருள் அளவு யாவும் மாறவேண்டும். செலவு மிகுதி, பலனோ நிலையானது.

நைட்ரஸ் ஆக்ஸைடு, இரண்டாம் உலகப் போரில் ஜெர்மானிய விமானங்கள் உயரத்தில் பயன்படுத்திய வாயு. எஞ்சினின் வெப்பத்தில் அது பிரிந்து பிராணவாயுவை விடுவிக்கும். காற்றில் ஐந்தில் ஒரு பங்கே பிராணவாயு. இதிலோ மூன்றில் ஒரு பங்கு. கருவியின் விலை குறைவு. ஆனால் ஒரு குப்பி சில நிமிடங்களில் தீர்ந்துவிடும். வாயுவுக்கு ஈடாக எரிபொருள் செல்லாவிடில் பிஸ்டன் உருகும்.

"தம்பி, 36 டிகிரிக்கு மேல் அந்த வாயு திரவமாக நில்லாது. குப்பியின் அழுத்தம் விரைந்து ஏறும். நம் ஊர் மே மாத வெயிலில், பூட்டிய காருக்குள் அதை வைப்பீரோ?" என்று பெரியவர் கேட்டார். இளைஞர் விடையளிக்கவில்லை.

சட்டமும் குறுக்கே நிற்கிறது. 1988-ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவு, உற்பத்தியாளர் அமைத்த மூல அமைப்புக்கு மாறாக வண்டியைத் திருத்துவதைக் கட்டுப்படுத்துகிறது. 2019-இல் உச்ச நீதிமன்றமும் அதனை வலியுறுத்தியது. விபத்து நேரின், இன்ஷூரன்ஸ் தொகை கிட்டுவதும் ஐயமே.

"அப்படியாயின் டர்போவே தீதா?" என்று யாம் வினவினோம். பெரியவர் நகைத்தார். "WDM-2" என அழைக்கப்பட்ட டீசல் எஞ்சின் 16 சிலிண்டர்களுடனும் டர்போவுடனும் 2,600 குதிரைத்திறன் தந்து பல்லாண்டு நம் ரயில்களை இழுத்தது. "வரைபடத்திலேயே அந்தச் சுமைக்கென அமைந்த எஞ்சின் அது. உம் காரின் பிஸ்டனும் தண்டும் அத்தகையன அல்ல" என்றார்.

பந்தயத் திடலில் சில வினாடி வேகம் வேண்டுவோர்க்கு நைட்ரஸ். நாள்தோறும் சக்தி வேண்டுவோர்க்கு டர்போ. ஆனால் குடும்பக் காருக்கு இவ்விரண்டையும் பின்னர் பொருத்துதல் தகாது. டர்போ விரும்புவோர், தொழிற்சாலையிலேயே டர்போவுடன் வரும் காரை அடுத்த முறை வாங்குக. இப்போது கையிலுள்ள பணம் நல்ல டயருக்கும் பிரேக்குக்கும் செல்லட்டும்.

அவ்விளைஞர் அங்ஙனமே செய்தார். இவ்வாண்டு ஊர்ப்பயணம் புறப்பட்டபோது, அவருடைய அன்னையார் அச்சமின்றி முன்னிருக்கையில் அமர்ந்ததை யாம் கண்டோம்.