க்ரூஸ் ட்ரிப்: கடைசி 3 நாள்லதான் பர்ஸ் காலியாகும்!

மத்தியதரைக்கடல் க்ரூஸ்ல டிக்கெட் காசு வெறும் ஆரம்பம்தான். கப்பலுக்குள்ள பெரும்பாலும் ரொக்கம் செல்லாது. அநேகமா எல்லாத்துக்கும் ரூம் கார்டுதான். தட்டும்போது வலிக்காது, கடைசி ராத்திரி பில் வரும்போதுதான் வலிக்கும். பல கப்பல்கள்ல டிப்ஸும் தினமும் தானா ஏறியிருக்கும். 2 நாள் முன்னாடியே கணக்கைக் கேட்டுப் பாருங்க. தப்பு இருந்தா இறங்குறதுக்குள்ள சொல்லிடுங்க.

கடைசி நிறுத்தம் ‘ரோம்’னு இருந்தா, கப்பல் நிற்கிறது சிவிதவெக்கியாவுல. அங்கிருந்து ரோம் சுமார் 70 கி.மீ. ரயில்ல நீங்களே போனா செலவு குறையும். ஆனா லேட்டானா கப்பல் காத்திருக்காது.

முக்கியமா, சம்பள அக்கவுண்ட் டெபிட் கார்டை இணைக்காதீங்க. முன்கூட்டியே பிடிச்சு வைக்கிற தொகை விடுபட சில நாள் ஆகலாம். நடுவுல இ.எம்.ஐ. தேதி வந்தா? ஊர் திரும்பியதும் முதல் செலவே அபராதம்தான்!