ஈரம் எங்கே போகும்?

ஜவ்வாது மலை மேல் மேகம் கவிந்துவிட்டால், படவேடு, ஆரணி வட்டாரத்து நெசவாளர் வீட்டில் இரண்டு கவலை. ஒன்று வெளியே நீட்டியிருக்கும் பாவு; இன்னொன்று கொடியில் கிடக்கும் துணி. தெரு நெடுக இழுத்துக் கட்டிய பட்டுப் பாவில் தூறல் விழுவதற்குள் வீட்டாரும் அக்கம்பக்கத்தாரும் ஓடிவந்து சுருட்டுவார்கள். அதே ஓட்டத்தில் பள்ளிச் சீருடையும் துண்டும் உள்ளே வரும். அவற்றை எங்கே காயப்போடுவது? சின்ன வீட்டில் மிச்சமிருக்கும் இடம் தறி போட்ட கூடம்தான்.

வினையே அங்கேதான். ஐப்பசி, கார்த்திகையில் குழித்தறிக்குள் ஏற்கெனவே ஈரம் ஊறும். பட்டோ காற்றிலுள்ள ஈரத்தை இழுத்து வைத்துக்கொள்ளும் நார். காற்றின் ஈரப்பதம் 65 சதவீதமாக இருக்கும்போதே, தன் உலர் எடையில் சுமார் 11 சதவீதம் தண்ணீர் அதில் இருக்கும். மெஷினில் நன்றாகப் பிழிந்த 5 கிலோ பருத்தித் துணியிலும் சுமார் 3 லிட்டர் தண்ணீர் தங்கியிருக்கும். கூடத்தில் கொடி கட்டினால் அத்தனையும் தறியைச் சுற்றியுள்ள காற்றில்தான் கலக்கும்.

கடையில் போய் ‘டிரையர்’ என்று கேட்டால் குழப்பம் வரும். செமி ஆட்டோமேட்டிக் வாஷிங் மெஷினில் துணி பிழியும் தொட்டிக்கு நம் வீடுகளில் அந்தப் பெயர் நிலைத்துவிட்டது. அது பிழியும், உலர்த்தாது. சூடான காற்றில் துணியைப் புரட்டிப் புரட்டி உலர்த்துவது டம்பிள் டிரையர். அதில் முக்கியமாக இரண்டு வகை.

குழாயா, தொட்டியா?

முதல் வகை வென்டட். துணியிலிருந்து கிளம்பும் ஈரக்காற்றை சுமார் 4 அங்குலக் குழாய் வழியாக வீட்டுக்கு வெளியே தள்ளிவிடும். அமைப்பு எளிது, விலையும் குறைவு. ஆனால் வெளிச்சுவரில் துளை போட வேண்டும். குழாய் குட்டையாகவும் வளைவில்லாமலும் இருக்க வேண்டும். குழாயை மாட்டாமல் அறைக்குள்ளேயே ஓட்டினால், கூடத்தில் துணி காயப்போட்டதற்கும் அதற்கும் வித்தியாசமே இல்லை.

இரண்டாவது கண்டென்சர். ஈரக்காற்றை உள்ளேயே குளிரவைத்துத் தண்ணீராக்கித் தொட்டியில் சேர்க்கும். குழாய் வேண்டாம்; வாடகை வீட்டுக்கு வசதி. ஆனால் தொட்டியை ஒவ்வொரு முறையும் காலி செய்ய வேண்டும். அறைக்காற்றைக் கொண்டுதான் அது குளிர்கிறது என்பதால், புழுக்கமான அறையில் வேலை மந்தமாகும். சூடு முழுவதும் அறையிலேயே தங்கும். கொஞ்சம் ஆவியும் கசியும்.

தறி உள்ள வீட்டுக்கு என் தேர்வு வென்டட்தான். பின்கட்டிலோ தாழ்வாரத்திலோ வெளிச்சுவரை ஒட்டி வையுங்கள். ஈரம் வீட்டை விட்டே போய்விடும். சுவரில் துளை போட வழியில்லாதவர்கள் கண்டென்சர் வாங்கலாம். தறி இருக்கும் அறையில் மட்டும் வைக்காதீர்கள். எந்த வகையானாலும் வடிகட்டியில் சேரும் பஞ்சை ஒவ்வொரு முறையும் எடுத்துவிட வேண்டும். பஞ்சு அடைத்தால் தீப்பிடிக்கும் ஆபத்து உண்டு.

ஒரு லிட்டர் தண்ணீரை ஆவியாக்கவே சுமார் 0.7 யூனிட் மின்சாரம் வேண்டும். அப்படியானால் 3 லிட்டருக்கு 2 யூனிட்டுக்கு மேல். மெஷின் வீணாக்குவதையும் சேர்த்தால் ஏறக்குறைய 3. ஹீட் பம்ப் பொருத்திய கண்டென்சர் இதில் பாதியில் முடிக்கும், விலைதான் அதிகம். கைத்தறி நெசவாளருக்கு 2 மாதத்துக்கு 200 யூனிட்டாக இருந்த இலவச மின்சாரம் 2023-ல் 300 ஆனது. மாதம் 15 முறை டிரையர் ஓடினால் 2 மாதத்தில் சுமார் 90 யூனிட் அதற்கே போகும். கூலிக்கு நெய்யும் குடும்பத்துக்கு இது சின்னக் கணக்கு அல்ல. அதனால் முதலில் செலவில்லாத வழியைப் பாருங்கள்: துணியை இன்னொரு முறை பிழியுங்கள், தாழ்வாரத்தில் கொடி கட்டி, மின்விசிறியை அதன் பக்கம் திருப்பிவிடுங்கள். மழைநாளில் பாதி வேலை அதிலேயே முடியும்.

பட்டுப்புடவையை மட்டும் எந்த டிரையரிலும் போடாதீர்கள். சூட்டில் பட்டின் மினுமினுப்பு மங்கும். புரளும்போது ஜரிகை மடங்கி முறியும். சாயம் தோய்ப்பவரைப் பாருங்கள். தொட்டியிலிருந்து எடுத்த பட்டுக் கழியைக் கோலில் மாட்டி முறுக்கிப் பிழிகிறார். இரண்டு கையாலும் உதறி, இழை இழையாகப் பிரித்து, நிழலில் மூங்கிலில் தொங்கவிடுகிறார். வெயிலில் போட்டால் சீக்கிரம் காயும், நிறம் வெளுத்துவிடும் என்று அவருக்குத் தெரியும். சீருடையையும் துண்டையும் மெஷின் பார்த்துக்கொள்ளட்டும். பட்டுக்கு அந்த நிழலும் மூங்கிலும் போதும்.